வாயைப் பார்த்துப் போடு

ஹாப்பாலா, மிஷிகன்
1971 ஏப்ரல் 18

தம்பி ஆர்வோவுக்கு,

இங்கே நானும் மாடுகளும் சுகம். நீயும் எல்னாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் உடனே பதில் போடு. கொட்டிலின் வடக்குப் பக்கம் பனி இன்னும் முழங்கால் உயரம் கிடக்கிறது.

என் வலது தோள் சமாசாரம் உனக்குத் தெரியும். போன வாரம் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன், அலறினேன். "இந்த வருஷம் துப்பாக்கிய தோள்ல வச்சீங்கன்னா, அடுத்த வருஷம் காபிக் கோப்பையக்கூடத் தூக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டார். காபி இல்லாமல் நான் எப்படி உயிரோடு இருப்பேன்? அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்.

அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை இந்த ஒரு வேட்டைக் காலத்துக்கு உன்னிடம் தருகிறேன்.

குதிக்காதே. தருகிறேன் என்றால் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பத்தொன்பது வயதில் நீ செய்த காரியத்தை நான் மறக்கவில்லை. கடையில் வாங்கிய நீளத் தோட்டாவை அந்தத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டாய். அதன் மரக்கட்டை பிளந்தது, உன் கன்னம் வீங்கியது. "கீழ விழுந்துடுச்சுப்பா" என்று பொய் வேறு சொன்னாய். அப்பா சாகும்வரை அதை உன் கையில் கொடுக்கவில்லை. அவர் போய் இருபத்துமூன்று வருஷமாக நானும் கொடுக்கவில்லை. இப்போது உனக்கு நாற்பத்தாறு வயது. புத்தி வந்துவிட்டது என்று எல்னா சொல்கிறாள். அவள் சொல்வதால் நம்புகிறேன்.

கேட்டுக்கொள். நான் செய்து அனுப்புகிற குட்டைத் தோட்டாவைத் தவிர வேறெதுவும் அந்தக் குழலுக்குள் போகக் கூடாது. நான் செய்ததே ஆனாலும் ஒவ்வொன்றையும் வாயைப் பார்த்துத்தான் போட வேண்டும். நவம்பரில் நன்றித் திருநாளன்று துப்பாக்கியோடு இங்கே வர வேண்டும். அது உனக்கே சொந்தமா, திரும்ப என் அலமாரிக்கா என்று அன்றைக்குச் சொல்வேன். நடுக்கோடைத் திருநாளுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

எல்னாவுக்கு என் அன்பு. உனக்கு எச்சரிக்கை.

அக்கா ஹில்மா

•

கோஸ்கி, மினசோட்டா
ஏப்ரல் 27

என் அருமை அக்காவுக்கு,

உன் தோள் சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் ரொம்பச் சீக்கிரம் வேண்டாம், நவம்பர்வரை போகட்டும். கோபித்துக்கொள்ளாதே, சந்தோஷத்தில் உளறுகிறேன்.

என் கண்ணாடியின் மேல் எங்கள் நாய் முஸ்தி படுத்துவிட்டதால் உன் கடிதத்தை எல்னாதான் உரக்கப் படித்தாள். துப்பாக்கி என்ற இடம் வந்ததும் அவளை அப்படியே தூக்கிச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். "இருபத்திரண்டு வருஷத்துல என்ன ஒரு தடவகூட இப்படித் தூக்கினதில்ல. ஒரு பழைய இரும்புக் குழாய்க்கு இவ்வளவா?" என்றாள். நாய்க்கும் செய்தியைச் சொல்லிவிட்டேன். அது கொட்டாவி விட்டது.

நிபந்தனை எல்லாம் சம்மதம். ஒரே ஒரு யோசனை. எங்கள் சுரங்கத்துப் பட்டறையில் கைதேர்ந்த ஆள் ஒருவர் இருக்கிறார். குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையை லேசாகச் சுரண்டி நீட்டிவிட்டால் கடைத் தோட்டாவே போடலாம், உனக்கும் வேலை மிச்சம் என்கிறார். ஒரு மத்தியானத்து வேலைதானாம். என்ன சொல்கிறாய்?

தம்பி ஆர்வோ

•

ஹாப்பாலா
மே 3

ஆர்வோ,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. எல்னா மட்டும் சுகமாக இருக்கட்டும்.

அந்தக் குழலை ஒரு ஆள் சுரண்டினான் என்று என் காதில் விழுந்தால், உனக்கு அக்காவே கிடையாது. சொல்லிவிட்டேன்.

உனக்கு இன்னும் விஷயமே புரியவில்லை. நீளத் தோட்டா அந்தத் துப்பாக்கியில் நுழையாது என்றா நினைக்கிறாய்? அழகாக நுழையும். வினையே அதுதான். மூடியிருக்கும்போது அதுவும் குட்டையும் ஏறக்குறைய ஒரே உயரம். சுடும்போதுதான் மடித்த வாய் விரியும். நீளத்தின் வாய் விரிய நம் துப்பாக்கியின் அறையில் இடமில்லை. அது குழலின் கழுத்துக்குள் போய் நெரியும், ரவையும் புகையும் அந்த இடுக்கில் பிதுங்கும். தடித்த துப்பாக்கியாக இருந்தால் தோளை இடிப்பதோடு போகும். நம்முடையது அப்பா வாங்கும்போதே கிழடு, தகடு மெலிசு. ஒருநாள் கையிலேயே பிளந்துவிடும். சுரண்டினால் இருக்கிற தகடும் போச்சு.

உயரத்தை நம்பாதே, வாயைப் பார். என் குட்டைத் தோட்டாவின் வாய் உள்பக்கம் வட்டமாகச் சுருண்டிருக்கும், மேலே ஒரு அட்டை வில்லை தெரியும். நீளத்தின் வாய் நட்சத்திரம் மாதிரி நடுவில் கூடி மடிந்திருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும் வித்தியாசம்.

எல்னா, இதை நீ உரக்கப் படிக்கிறாய் என்றால், இந்த இடத்தில் நிறுத்தி அவன் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே படி. மேலே ஒன்றுமில்லை.

ஹில்மா

•

கோஸ்கி
ஜூலை 2

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள் எல்னா. உன் வீட்டு சவ்னா நீராவி அறையின் சூடு எங்கள் வீட்டு சவ்னாவுக்கு வராது. தோளை அடிக்கடி அதில் காட்டு.

எல்னா மண்டையில் தட்டினாள். ஒன்று சொன்னால் மூன்று தட்டுகிறாள். பட்டறை ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

துப்பாக்கி படுக்கையறையில், என் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. நீ அதைக் காரில் வைக்கும்போது உன் கை அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்ததைப் பார்த்தேன். தினமும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைக்கிறேன். "கல்யாணத்தன்னிக்குப் போட்ட மோதிரத்த என்னிக்காவது தொடச்சீங்களா?" என்கிறாள் இவள்.

துப்பாக்கி கிளப்பில் பொறுக்கிய, சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கூடுகள் இருநூறு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். மரலாரி ஓட்டுகிற ரௌத்தியோ அடுத்த வாரம் உன் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு நூறு தோட்டா போதும். அவ்வளவு கோழி காட்டிலேயே இல்லை.

ஆர்வோ

•

ஹாப்பாலா
ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். ஒரு கன்று பிறந்திருக்கிறது, நெற்றியில் வெள்ளை. தோள் பரவாயில்லை, சவ்னாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வலி தெரிவதில்லை.

உன் நூறு தோட்டா ரௌத்தியோவின் லாரியில் வருகிறது. நாலு பெட்டி. பழைய கடைப் பெட்டிகளில்தான் போட்டிருக்கிறேன், மேலே எழுதியிருப்பதைப் பார்த்து மிரளாதே. தபாலில் தோட்டா அனுப்ப விடமாட்டான் என்பதால் அந்தப் பேச்சுக்காரனை நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தத் தடவை கஷ்டப்பட்டுப் போனேன். கூட்டை மர உருளையில் மாட்டி, அளவுக் கோட்டில் கத்தி வைத்து இடது கையால் சுற்றினேன். ஒரு வளையம் கழன்று விழுந்தால் ஒரு கூடு ரெடி. அடியில் பொறி கிளப்பும் கேப்பு அடித்து, மருந்தைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டு, தக்கை, ரவை, அட்டை வில்லை, கடைசியில் கைப்பிடி சுற்றி வாயைச் சுருட்டினேன். நூறுக்கும் இப்படியே. அதே வாரம் பக்கத்துப் பண்ணை ஹெய்க்கி வேறு வந்து, "ஹில்மா, எனக்கும் ஒரு நாலு பெட்டி" என்று உட்கார்ந்துவிட்டான். அவனுடையது புதுத் துப்பாக்கி, குழல் அளவு நம்முடையது போலவே பதினாறு போர், ஆனால் தோட்டா நீளம். மடிப்பு யந்திரத்தில் அழுத்தினால் முடிந்தது. என்றாலும் வேலை வேலைதானே? மனிதன் தோட்டாவுக்காக வருகிறானா காபிக்காக வருகிறானா என்று தெரியவில்லை.

இன்று காலை எல்லாம் ஒரே மேசையில் கிடந்தது. அடுப்பில் ஏலக்காய் ரொட்டி, வாசலில் ரௌத்தியோவின் ஹாரன், ஹெய்க்கியின் மகள் அவன் பெட்டிகளுக்காகக் கதவருகில் நிற்கிறாள். ரொட்டி கருகிப்போச்சு. அள்ளிக் கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

சுட்ட கூடுகளை எறியாதே. ஹெய்க்கியும் திருப்பித் தருவான், நீயும் தா.

அக்கா

•

கோஸ்கி
அக்டோபர் 1

அன்பு அக்காவுக்கு,

நீயும் புதுக் கன்றும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலத்துக்கும் மேலே.

இரண்டு சனிக்கிழமை காட்டுக்குப் போய்வந்தேன். காட்டுக்கோழி எழும்புகிற அந்த 'புர்ர்' சத்தத்தில் முதல் நாள் நானே பயந்துவிட்டேன். பதினேழு தோட்டாவுக்கு ஒரு கோழி. அதையும் முஸ்தி எடுத்து வருகிற வழியில் பாதி யோசித்து, பாதி தின்றுவிட்டது. இரண்டாவது வாரம் மூன்று. எல்னா வெண்ணெயில் பொரித்துக் காளான் போட்டாள். துப்பாக்கி தோளில் வந்து உட்காருவது எவ்வளவு சுகம், அக்கா! உன் தோட்டா இடிப்பதே இல்லை.

ஒவ்வொன்றையும் வாயைப் பார்த்துத்தான் போட்டேன். இன்னொரு விஷயம். நாலில் அந்த ஒரு பெட்டி. திறந்து பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். புரிந்தது, அக்கா. இப்போதிருப்பது பழைய ஆர்வோ இல்லை. அதை அலமாரி மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். நன்றித் திருநாளன்று முழுசாக உன் முன்னால் வைப்பேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆர்வோ

•

ஹாப்பாலா
அக்டோபர் 9

தம்பிக்கு,

சுகம். உருளைக்கிழங்கு எடுத்து முடித்தோம். முதுகு இருக்கிற இடம் தெரியவில்லை, அதனால் நாலே வரி.

எந்த ஒரு பெட்டி? என்ன புரிந்தது? தோட்டா நனைந்துவிட்டதா, ரௌத்தியோ மேலே உட்கார்ந்துவிட்டானா? உனக்கு விடுகதை போடுகிற வயசா இது? ஒழுங்காக எழுது.

பதினேழுக்கு ஒரு கோழி என்று வெளியில் யாரிடமும் சொல்லாதே, குடும்பத்துக்கு அவமானம்.

அக்கா

•

கோஸ்கி
அக்டோபர் 16

அக்காவுக்கு,

முதுகு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். உன் நடிப்பும் தேறிவிட்டது! "எந்தப் பெட்டி, என்ன புரிந்தது" என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறாய். எல்னா படிக்கும்போது நான் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. அவள்தான் சிரிக்கவில்லை.

சரி, நீ அப்படியே இரு. நானும் அப்படியே இருக்கிறேன்.

இதுவரை ஏழு கோழி. இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது, இனி பார்வைக்குத் தடையில்லை. நன்றித் திருநாளுக்கு இன்னும் நாற்பது நாள். நான் எண்ணவில்லை, எல்னா எண்ணிச் சொன்னாள். தூக்கத்தில் எண்ணுகிறேனாம்.

ஆர்வோ

•

ஹாப்பாலா
அக்டோபர் 27

அன்புள்ள தம்பி ஆர்வோவுக்கு,

நீ நலமா? உன் கண், காது, பத்து விரல், எல்லாம் நலமா? எல்னா நலமா? முஸ்தியும் நலம் என்றே நம்புகிறேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கன்று நன்றாக வளர்கிறது. நீ பொறுப்பாக வேட்டையாடுகிறாய் என்பதில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஏழு கோழி என்பது நல்ல எண்ணிக்கை.

எல்னா ரொம்ப நல்ல பெண். அவளை நன்றாக வைத்துக்கொள்.

அன்புடன்,
ஹில்மா

•

கோஸ்கி
நவம்பர் 4

அக்கா,

என்ன ஆச்சு உனக்கு? டாக்டர் ஏதாவது சொன்னாரா? மறைக்காதே.

நாற்பத்தாறு வருஷத்தில் நீ என்னைத் திட்டாமல் எழுதிய முதல் கடிதம் இது. ஏழு கோழி நல்ல எண்ணிக்கையாம்! அப்பா ஒரே நாளில் ஆறு கொண்டுவந்தபோது "அவ்வளவுதானா?" என்று கேட்டவள் நீ. எல்னாவிடம், "இது அக்கா எழுதினதே இல்ல, யாரோ பாதிரியார் எழுதிக் குடுத்திருக்காரு" என்றேன். அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மடித்து வைத்துவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால், அப்போது துப்பாக்கி விஷயமாகத்தான் இருக்க வேண்டும். எனக்குத் தருவதில்லை என்று முடிவு செய்துவிட்டு, மனசு நோகாமல் சொல்ல வழி தேடுகிறாய். அப்படியென்றால் நேரடியாகச் சொல்லிவிடு, தாங்கிக்கொள்கிறேன். பொய், தாங்கமாட்டேன். அந்தத் துப்பாக்கி எனக்கு வேண்டும், அக்கா. அப்பா உன்னைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை விறகு பிளக்கச் சொன்னார். நான் பிளந்தேன். தப்பு செய்தவன், வேறென்ன கேட்க முடியும்? ஆனால் இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. உன் வீட்டுக் கதவை அதோடு திறந்து வந்து, அதோடு திரும்பிப் போக வேண்டும் என்று இருக்கிறது.

நான் ஜாக்கிரதைக்காரன் ஆகிவிட்டேன் என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி. நாலு பெட்டியில் ஒன்று முழுக்க நட்சத்திர மடிப்பு, நீளத் தோட்டா. என்னைச் சோதிக்க வேண்டுமென்றே நீ வைத்தது. ஒன்றுகூட குழலுக்குள் போகவில்லை. இருபத்தைந்தும் அலமாரி மேல் இருக்கிறது. பரீட்சையில் தேறினேனா இல்லையா? அதையாவது சொல்.

ஆர்வோ

•

ஹாப்பாலா
நவம்பர் 11

ஆர்வோ,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் பதினெட்டு நாளாக என்னோடு சண்டை போடுகிறது. முழுக்கப் படி, இடையில் பேசாதே.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி ஹெய்க்கி சுட்ட கூடுகளைக் கொண்டுவந்தான். "என்ன ஹில்மா, இந்தத் தடவ ஒரு பெட்டி தாலாட்டற மாதிரி இடிக்குது. மருந்தக் கொறச்சிட்டியா?" என்றான். நான் எப்போது மருந்தைக் குறைத்தேன் என்று கோபத்தோடு கூடுகளை மேசையில் வரிசையாக நிறுத்தினேன். இருபத்தைந்து கூடு மற்றதைவிட ஒரு விரல்நகம் அளவு குட்டை. நான் என் கையால் வெட்டிய கூடுகள். அவனுடைய துப்பாக்கியில் குட்டை போனால் ஒன்றும் ஆகாது. அப்படியென்றால் அவனுடைய நீளப் பெட்டி ஒன்று எங்கே போயிற்று?

செருப்பு மாற்றக்கூட இல்லை, கொட்டில் ஜோடோடு கூட்டுறவுக் கடைக்கு ஓடி உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். நீ காட்டில் இருந்தாய். எல்னாதான் எடுத்தாள். அவள் "ஹலோ" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, பெட்டி மாறிப்போனதை அழுதுகொண்டேதான் சொன்னேன். "அண்ணி, பதறாதீங்க. பெட்டி அலமாரி மேலதான் இருக்கு. இருபத்தஞ்சும் இருக்கு, நானே எண்ணிட்டேன். நீங்க வச்ச பரீட்சைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு" என்றாள். அப்போதுதான் உன் விடுகதை எனக்குப் புரிந்தது.

"நான் போன் பண்ணினத அவன்கிட்ட சொல்லாத" என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். ஏன் அப்படிக் கேட்டேன் தெரியுமா? வெட்கம். ஆமாம், பரீட்சைதான் என்று உன்னிடம் சொல்லிவிட்டால் என்ன என்று அந்தக் கடையிலேயே ஒரு யோசனை வந்துவிட்டது. உன் பெருமையும் போகாது, என் மானமும் போகாது. அதனால்தான் அந்தக் கேடுகெட்ட மரியாதைக் கடிதம். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அது பரீட்சை இல்லை, ஆர்வோ. தப்பு. ரொட்டி கருகுகிறதே என்ற அவசரத்தில் பார்க்காமல் பெட்டியை மாற்றிக் கொடுத்தேன். உன்னை இருபத்தேழு வருஷம் கவனமில்லாதவன் என்று சொன்னவள், உன் கையில் பிளக்கக்கூடியதை நானே கட்டி அனுப்பினேன். என்னை மன்னித்துவிடு.

நீ பார்த்தாய். நான் பார்க்காததை நீ பார்த்தாய். நன்றித் திருநாள்வரை காத்திருக்க வேண்டாம். துப்பாக்கி உனக்கு. இனி அது உன் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும், கொண்டுவர வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் மட்டும் வாருங்கள்.

அக்கா

•

கோஸ்கி
நவம்பர் 16

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. எல்னா படித்து முடித்ததும் நான் போய்த் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அது என்னுடையதாக இருந்தது. சனி, ஞாயிறு. நல்ல இரண்டு நாள்.

திங்கட்கிழமை சுரங்கத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன், தின்னாமலே மூடிவிட்டேன். நீ அவ்வளவு எழுதிய பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் மனுஷனே இல்லை.

முதல் சனிக்கிழமை நான் ஒரு தோட்டாவின் வாயையும் பார்க்கவில்லை. மேலே இருந்த பெட்டியை உடைத்து இரண்டு பைக்குள்ளும் கொட்டிக்கொண்டு ஓடினேன். பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை, அக்கா. வாயில் அத்தனை சத்தியம் செய்தேனே, காட்டைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது. மேலே இருந்தது நல்ல பெட்டி. அவ்வளவுதான்.

இரண்டாவது சனிக்கிழமை நான் ஜோடு மாட்டிக்கொண்டிருந்தபோது எல்னா பெல்ட்டில் தோட்டா செருகிக்கொண்டிருந்தாள். அடுத்த பெட்டியைத் திறந்தவள், "என்னங்க, இது அண்ணி கைமடிப்பு இல்லையே" என்றாள். எல்லாம் ஒன்றுதான், செருகு என்றேன். "எப்படி ஒண்ணு? அண்ணி எழுதினத நான்தான படிச்சேன். வாரத்துக்கு நாப்பது பாஸ்டிக்குக் கறி வச்சு மாவோரம் மடிக்கிறவ நான், மடிப்பு எனக்குத் தெரியாதா?" என்று பெட்டியை என் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நட்சத்திர மடிப்பு. அவள் முன்னால் அசடு வழியக் கூடாதே என்று "ஓஹோ, அக்கா பரீட்சை வச்சிருக்கா!" என்று சிரித்தேன். சொல்லச் சொல்ல நானே அதை நம்பிவிட்டேன். கண்டுபிடித்தவனும் நானே என்று உனக்கு எழுதினேன், கிளப்பில் சொன்னேன். அவள் ஒரு தடவைகூட "நான்தான பாத்தேன்" என்று சொல்லவில்லை.

இதை என் கையாலேயே எழுதுகிறேன், அவள் பார்க்கவில்லை. வியாழக்கிழமை நன்றித் திருநாளுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவருகிறேன். உன் அலமாரியைத் திறந்து வை.

ஆர்வோ

•

ஹாப்பாலா
நவம்பர் 20

அன்புள்ள எல்னாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதை உரக்கப் படிக்காதே. முதலில் நீ மட்டும் படி.

உன் புருஷன் எழுதிய கடிதம் கிடைத்தது. அவனைத் திட்டி நாலு பக்கம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஒரு வரி வரவில்லை. ஒரே வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் தப்பை ஒத்துக்கொண்டால் யாரை யார் திட்டுவது? கடைசியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஹெய்க்கி வந்து, "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன்.

அவன் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொண்டபோது விட்டுவிட்டாய். நான் வெட்கப்பட்டு மறைக்கச் சொன்னபோது மறைத்தாய். அந்தப் போனிலேயே "நான்தான் அண்ணி பாத்தேன்" என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எங்கள் அப்பா உன்னைப் பார்த்ததில்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் வருத்தமாக இருக்கிறது.

அந்தத் துப்பாக்கி யார் பார்த்துப் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் என்று ஏப்ரலிலேயே முடிவு செய்திருந்தேன். அது நானில்லை, அவனும் இல்லை. ஆகவே அது உனக்கு. பத்திரம் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையே வைத்துக்கொள். அவனுக்குக் காட்டுக்குப் போக வேண்டுமானால் உன்னிடம் கேட்டு வாங்கட்டும். தோட்டாவை நீ பார்த்து எண்ணிக் கொடு. அவன் கேட்கிற விதம் சரியில்லை என்றால் கொடுக்காதே. எனக்குச் சுடத் தெரியாதே என்று சொல்லிவிடாதே, அவனுக்கும்தான் தெரியாது.

வியாழக்கிழமை காரிலிருந்து இறங்கும்போது துப்பாக்கியை நீ எடுத்துக்கொண்டு வா. பாஸ்டிக் கூடையை அவன் தூக்கட்டும்.

உன் அண்ணி,
ஹில்மா